உதட்டைப் பார்த்துப் பதில் சொன்ன குற்றம்

14-3-66, திங்கள்

வடலூர் ரோட்டில் ஒரு சைக்கிள்காரன் பின்னாலிருந்து வந்து இடித்தான். இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்ததும் கத்தினான். வாயைப் பார்த்தேன். "எத்தினி தடவ பெல் அடிக்கிறது, காது செவிடாடா?" என்றான். "ஆமாம்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள்.

முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் கான்ட்ராக்ட் கம்பெனியிலிருந்து கடிதம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுடைய டாக்டர் என்னை நேரில் பார்த்து, காது எவ்வளவு போயிருக்கிறது என்று முடிவு செய்வாராம். நஷ்ட ஈடு உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகுதானாம்.

எவ்வளவு போயிருக்கிறதா! டிசம்பரில் சுரங்கத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் வெடியைக் கொளுத்தினார்கள். பாறையில் துளை போட்டுவிட்டு நான் முப்பது அடிகூட நகரவில்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் காலர் வரை இறங்கியது. அன்றோடு சரி. காக்கை கத்துவது இல்லை, மழை இல்லை, நான் பேசுவது எனக்கே இல்லை. மூன்று மாதமாகச் சம்பளமும் இல்லை. என் மனைவி அம்சவல்லி நடவுக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் சாப்பாடு.

கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கத்திப் படித்தேன் போலிருக்கிறது. உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டினாள். குரலைக் குறை என்று அர்த்தம்.

17-3-66, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது?

டாக்டர் சின்ன வயது. மீசை இல்லை. வெற்றிலை போடாத வாய், தெளிவான உதடு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். மடையன் நான்! சந்தோஷப்பட்டேன்.

கம்பெனி கிளார்க் குஞ்சிதபாதம் பக்கத்தில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தான். டாக்டர் என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"பேரு?"

"வைத்திலிங்கம்."

"ஊரு?"

"வடக்குத்துங்க."

"எத்தனை வருஷமா டிரில்லிங் வேலை?"

"ஆறு வருஷமுங்க."

எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். இந்த மூன்று மாதமும் பொழுது சாய்ந்ததும் அம்சவல்லி விளக்கை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவாள், நான் வாயைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். பாலும் மாலும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்பின் வார்த்தையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை அங்கே பெருமையாகக் காட்டினேன். பரீட்சையில் பாஸ் செய்கிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து காட்டினேன்.

டாக்டர் குஞ்சிதபாதத்தைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். "தெரியுதா?" அதிர்ந்தது. அதிர்ந்ததை இல்லை என்று சொல்வதா? "தெரியுதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார். எழுந்து பின்பக்கம் போனார். எனக்கு எதிரே பியூன் நின்றிருந்தான். திடீரென்று அவன் கண் சுருங்கி உடம்பு தூக்கிப் போட்டது. என்ன என்று திரும்பினேன். டாக்டர் காலடியில் ஓர் இரும்புத் தட்டு ஆடிக்கொண்டு கிடந்தது.

"கேக்குதே!" என்றார்.

"கேக்கலிங்க. பியூன் பயந்ததைப் பார்த்துத் திரும்பினேங்க."

"அப்போ இவ்வளவு நேரம் எப்படிப் பதில் சொன்னே?"

"உங்க வாயைப் பார்த்துச் சொன்னேங்க."

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்தபடியே பேசினார். குனிந்தவர் பேசுவது எனக்கு எப்படித் தெரியும்? கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பியூன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

22-3-66

தகவல் வந்துவிட்டது. "சாதாரணப் பேச்சு நன்றாகக் கேட்கிறது. நடிப்பு என்று கருத இடமுண்டு."

நடிப்பு.

டேய், எவண்டா நடிக்கிறது?

25-3-66, வெள்ளி

அம்சவல்லியோடு சண்டை.

"எதுக்கு டக்கு டக்குனு பதில் சொன்ன? ஒண்ணும் புரியாத மாதிரி முழிச்சிகினு உக்காந்திருந்தா இப்ப கைக்குப் பணம் வந்திருக்குமில்ல?"

"செவிடன்னா மடையனா இருக்கணுமா? நீதானே கத்துக்கொடுத்தே!"

"என்கூட பேசறதுக்குக் கத்துக்கொடுத்தேன். அவன்கிட்ட போயி அவுத்து வுடறதுக்கா?"

சொம்பை எடுத்து வீசினேன். அவள்மேல் படவில்லை. ஆனால் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தோள் அசைகிறது, கை ஆடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளில் அவள் அப்படிச் செய்ததில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

29-3-66

பேச்சில்லை. அவளும் பேசவில்லை, நானும் பார்க்கவில்லை.

3-4-66, ஞாயிறு

இசக்கிமுத்து அண்ணன் மைன்ஸ் குடியிருப்புப் பிளாக்கிலிருந்து சைக்கிளில் வந்தார். மைன்ஸில் பெர்மனென்ட் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். யூனியனில் இருப்பதால் எனக்காக லேபர் ஆபீசருக்கு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவர் ஊர்ப் பேச்சு உதட்டில் வேறு மாதிரி விழும், இரண்டு முறை கேட்டுத்தான் பிடிப்பேன்.

"அடுத்த வாட்டி அவனுவ என்ன கேட்டாலும் வாயப் பாக்காதீரும். மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காரும். சொல்லுதது வெளங்குதா?"

"நடிக்கச் சொல்றீங்களாண்ணே?"

"பின்னே? அவன் எழுதினதுதான் எழுதிட்டானே."

மனுவில் கையெழுத்துப் போட்டேன். மற்றதற்குத் தலையாட்டவில்லை. நடிக்காதபோது நடிக்கிறேன் என்று எழுதினார்கள். நான் நடித்தால்தான் நடிக்கவில்லை என்று எழுதுவார்களாம். இது என்ன கொடுமை? என் காது போனதை நான் எதற்கு வேஷம் கட்டிக் காட்ட வேண்டும்?

அவர் போன பிறகு அம்சவல்லி எதிரில் வந்து உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, "சாப்புடு" என்றாள். ஒன்பது நாளில் முதல் வார்த்தை.

21-4-66, வியாழன்

மனு எடுபட்டது. மே ஒன்பதாம் தேதி கடலூரில் வேறு இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள். கம்பெனி ஆளும் இருக்கலாமாம்.

8-5-66

ஒரு வழி தோன்றியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

9-5-66, திங்கள்

குள்ளஞ்சாவடியில் பஸ் டயர் பஞ்சர். ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தோம். அம்சவல்லியைக் கதவோரம் நிற்க விட்டார்கள். பெரிய டாக்டருக்கு நரைத்த அடர்ந்த மீசை, பாதி வார்த்தை அதற்குள்ளேயே போய்விடும். இன்னொருவர் கண்ணாடி போட்டவர். குஞ்சிதபாதம் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். லேபர் ஆபீஸ் ஆட்கள், பியூன்கள் என்று அறை நிறைய ஆள்.

அவர்கள் ஆரம்பிக்கும் முன்பே நான் சொன்னேன். "ஐயா, எனக்குக் கண்ணுதான் காது. நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க எனக்குப் பின்னால நின்னு என்ன வேணும்னாலும் பேசுங்க. தரையில மட்டும் எதையும் போடாதீங்க, அதிரும்."

பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "நான் தோளைத் தொடும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது." குஞ்சிதபாதம் எழுந்து ஏதோ சொன்னான். கண்ணை மூடினால் போதாது, கட்ட வேண்டும் என்றிருக்கிறான். அவன் துண்டாலேயே கட்டினான். புகையிலை நாற்றம்.

இருட்டு. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கிணற்றுக்குள் இறக்கிவிட்டது மாதிரி. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் யாரையும் பார்க்க முடியாது என்று நினைத்ததும் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சமயம் யாரோ குனிந்து என் வலது காதருகில் பேசுவது தெரிந்தது. கழுத்தில் மூச்சு பட்டது, எச்சில் தெறித்தது. வெகுநேரம் பேசினான். நான் அசையவில்லை.

தோளைத் தொட்டார்கள். துண்டை அவிழ்த்தேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குஞ்சிதபாதம் அறையில் இல்லை. அம்சவல்லி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். உதட்டை ஒரு கோடு மாதிரி இறுக்கி மூடியிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தாள்.

10-5-66

"என்ன பேசினாங்க?"

"ஒண்ணுமில்ல."

"அம்சா, என்ன பேசினாங்க?"

"ஒண்ணுமில்லன்றேன் இல்ல!"

என்னைப் பற்றி, என் காதுக்குள், எட்டுப் பேர் எதிரில் பேசியிருக்கிறார்கள். உலகத்தில் எனக்கு மட்டும் தெரியாது.

12-5-66, வியாழன்

இன்று சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல பெரிய டாக்டரு பேரு சொல்லிக் கூப்புட்டாரு. நீ அசையல. உம் பொண்டாட்டி மயக்கம் போட்டு வுழுந்துட்டா, எழுந்து பாருன்னாரு. நீ சிரிச்சிகினு இருந்த. அப்பதான் அந்த கிளார்க்கு எழுந்தான். இவனுக்கு ரோசம் வர்ற மாதிரி நான் பேசறேன், அப்பறம் பாருங்கன்னான். வந்து உன் காதுல குனிஞ்சிகினு..."

"என்ன சொன்னான்?"

"என்னைப் பத்தி."

"என்னன்னு?"

"அது என் வாயால வராது. அத்தினி பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நீ சிரிச்சிகினே இருந்த. பெரிய டாக்டருதான் போதும், வெளியே போய்யான்னு அவனைத் தொரத்தினாரு."

"நீ ஏன் சும்மா நின்ன? செருப்பால அடிக்கிறதுக்கென்ன?"

"நான் ஒரு வார்த்தை பேசியிருந்தா, பொண்டாட்டி இடையில பூந்து சைகை காமிச்சான்னு எழுதிட்டுப் போயிருப்பானுங்க. நான் கேட்டுகினு நின்னேன். நீ கேக்கல. அதுக்குத்தானே போனோம்?"



14-5-66, சனி

போனேன். அம்சவல்லியிடம் சொல்லாமல் போனேன்.

கம்பெனி ஆபீஸில் குஞ்சிதபாதம் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தான். "அன்னிக்கு என் காதுல சொன்னதை இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தான், துடைத்த துண்டை அப்படியே வாயில் வைத்துக்கொண்டான். துண்டுக்குப் பின்னால் தாடை அசைந்தது. மன்னிப்புக் கேட்டானா, அதே வார்த்தையைச் சொன்னானா? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

ஓர் அறை விட்டேன். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கை எரிந்தது.

சாயங்காலம் இசக்கிமுத்து அண்ணன் வந்து குதித்தார். "கேஸக் கெடுத்துட்டீரே! போலீசுக்குப் போனாம்னா என்ன செய்வீரு?" போகட்டும். போனால் என் காதில் என்ன சொன்னான் என்று அவன் அங்கே சொல்ல வேண்டி வருமே.

அம்சவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகு, "எந்தக் கன்னம்?" என்றாள்.

"இடது."

சோறு போட்டாள்.

1-6-66

போலீஸ் வரவில்லை. தீர்ப்பும் வரவில்லை.

20-6-66, திங்கள்

வந்துவிட்டது. "இரு செவிகளும் முற்றிலும் செயலிழந்தன. மீண்டும் கேட்கும் வாய்ப்பு இல்லை. முழு நஷ்ட ஈடு பெறத் தகுதியுடையவர்."

இசக்கிமுத்து அண்ணன் தோளைத் தட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. "வாய்ப்பு இல்லை" என்ற இடத்திலேயே கண் நின்றது. இதை எழுத வைக்கத்தான் மூன்று மாதம் சண்டை போட்டேன். ஆனால் இவ்வளவு நாளும் மனதின் ஓரத்தில், ஒருநாள் காலையில் எழுந்தால் கேட்டுவிடும் என்று இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதையும் சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அம்சவல்லி அழுதாள். எதற்காக என்று கேட்கவில்லை.

2-7-66

கம்பெனிப் பணம் கைக்கு வந்துவிட்டது. இன்றே அம்சவல்லி இருபது பேரிடம் பட்ட கடனை அடைத்துவிட்டு வந்தாள்.

27-8-66, சனி

குறிஞ்சிப்பாடி ரைஸ் மில்லில் சேர்ந்து ஆறு நாளாகிறது. காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறேன். நெல்லை அளந்து மெஷினில் கொட்டுவது, அரிசி மூட்டையைக் கட்டுவது. தவிட்டுத் தூசி கண்ணை உறுத்துகிறது, முகத்தைத் துண்டால் கட்டிக்கொள்ள முதலாளி சொல்கிறார். யாரும் வாயைக் கட்டுவதில்லை. துண்டைத் தலையில் மட்டும் கட்டிக்கொள்கிறார்கள்.

30-8-66, செவ்வாய்

இன்று அம்சவல்லி குறிஞ்சிப்பாடிச் சந்தைக்கு வந்தவள் மில்லுக்கும் வந்தாள். மத்தியானம், மோட்டாரை நிறுத்தியிருந்த நேரம். நான் மூட்டைமேல் சாய்ந்திருந்தேன். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெரியண்ணன் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான்கைந்து முறை கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பாததைக் கண்டு அம்சவல்லி அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

அவர் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, நெசமாவே உனக்குக் காது கேக்காதா? ஒரு வாரமா உன்கூட பேசிகினு இருக்கேனே! இந்த மெஷின் சத்தத்துல நான் சொல்றது மத்தவனுக்கு ஒண்ணும் வெளங்காது. நீ ஒருத்தன்தான் ஒரே வாட்டியில புரிஞ்சிக்கிற!"

அம்சவல்லி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

பெரியண்ணன் போய் மோட்டாரைப் போட்டார். காலடியில் தரை அதிர ஆரம்பித்தது. அங்கிருந்தே என்னைப் பார்த்து, அந்தக் கடைசி மூட்டையைக் கொண்டா என்றார். கொண்டுபோனேன்.