கைத்தடியை வீசிய அக்கா

மார்ச் 4

என் வாயாடித் தம்பிக்கு,

ஃபோனில் கேட்டால் சிரிக்க வைத்தே தப்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன் வலைப்பதிவைப் படித்துவிட்டு ஓடிவந்தாள். "ஏங்க்கா, அந்தச் செருப்பு போட்டு மூணே வாரத்துல கைத்தடியத் தூக்கி வீசிட்டீங்களாமே! தம்பி எழுதியிருக்காரு. எங்க வீட்டுக்காரருக்கும் முட்டி வலிதான், வாங்கட்டுமா?"

நான் எந்தச் செருப்பைக் கண்டேன்? உன் மானம் போகுமே என்று "ஆமா" என்றுவிட்டேன். அன்றிலிருந்து கைத்தடி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவள் வாசலைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடக்கிறேன்.

என்னடா இது?

அக்கா

மார்ச் 9

மகாராணிக்கு,

செருப்பு என் பீரோ மேல்தான் இருக்கிறது, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "சொந்த அனுபவம் மாதிரி இருக்கணும் சார்" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். என் முட்டியோ கல் மாதிரி இருந்து தொலைத்தது. உன்னுடையதைக் கைமாற்று வாங்கினேன். காசு வாங்கி எழுதியது என்று அடியில் ஒரு வரி போட்டிருக்கலாம்; போட்டால் எவன் படிப்பான்?

ஊர் உலகத்தில் எல்லாப் பதிவரும் இதைத்தான் செய்கிறார்கள். முன்பு ஒரு மிக்சியை உள்ளது உள்ளபடி திட்டி எழுதியவன், எந்தக் கம்பெனியிடமும் ஓசிக் காபிகூட வாங்காத உத்தமன் நான், ஒரே ஒரு தடவை வழுக்கிவிட்டேன். செருப்பை அனுப்பட்டுமா? உன் அளவு ஏழா, எட்டா?

தம்பி

மார்ச் 15

தம்பி,

என் அளவு ஆறு. செருப்பு வேண்டாம்.

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, கைத்தடி இல்லாமல் மாடிப்படி இறங்கினார். ஐந்தாவது படியில் விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "பழகணும் போலக்கா. நீங்க விழாம எப்படிப் பழகினீங்க? அவருக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?

அக்கா

மார்ச் 18

அக்கா,

ஜோக்கோடு ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது.

பதிவை அழிக்கப் போனேன். அழித்தால் விஷயம் யாருக்கும் தெரியாது என்று கை ஆசைப்பட்டது, அதனாலேயே அழிக்கவில்லை. தலைப்புக்கு மேலே எழுதிவிட்டேன்: "இது காசு வாங்கிக்கொண்டு எழுதியது. என் அக்கா இந்தச் செருப்பைப் பார்த்ததே இல்லை. இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறாள்."

வாங்கிய காசைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பின்னூட்டங்களில் விழும் அடிக்கு அந்தச் செருப்பாலேயே அடித்திருக்கலாம். ஒருவர் மட்டும் திட்டாமல் கேட்டிருக்கிறார்: "அப்ப அந்த மிக்சியும் பொய்தானா சார்?" அது சத்தியமாக நிஜம், அக்கா. எந்த வாயால் சொல்வேன்?

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். எதிர்வீட்டில் நானே பேசுகிறேன், மாவுக்கட்டுக்காரர் முகத்தைப் பார்த்து. நீ வாயைத் திறக்க வேண்டாம்.

மணி அடித்ததும் ஒன்று மட்டும் செய். கைத்தடியை எடுத்து, டக் டக்கென்று ஊன்றிக்கொண்டே வந்து கதவைத் திற. எதிர்வீட்டுக்குக் கேட்கட்டும்.

உன் அளவு தெரியாத தம்பி