அப்பா வளர்த்த சுருட்டை

அன்புள்ள அப்பா,

நேற்று தோழியின் கல்யாணத்துக்காகக் கரோல் பாக்கில் ஒரு பார்லரில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணின் முடியை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். முடி லேசாகக் கருகும் வாசனை வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகப் போகிறது. அந்த வாசனையில் இன்னும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் வழுக்கிக்கொண்டு விழும் நீள முடி. எனக்கு மட்டும் சீப்பை உடைக்கும் சுருட்டை. பள்ளியில் 'நூடுல்ஸ்' என்றார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள், "இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். நீங்கள் பேப்பருக்குள் முகத்தை வைத்திருப்பீர்கள். எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும் உங்கள் தலையைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை.

ஆண்டு விழாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே நடனத்துக்கு ஆள் எடுத்த டீச்சர், "முடியை நேராக்கிட்டு வந்தா முன் வரிசை" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே தரையில் போர்வையை விரித்து, தலையைச் சாய்த்து, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை என் முடிமேல் வைத்தேன்.

அம்மா போட்ட கூச்சலில் நீங்கள் ஆபீஸ் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்தீர்கள். என் காதோரம் சிவந்திருந்தது. ஒரு பக்க முடி பொசுங்கி உதிர்ந்தது. தரையில் உட்கார்ந்து, கருகியதையெல்லாம் கத்தரித்தீர்கள். முடித்த பிறகுதான் பேசினீர்கள்.

"ஏட்டி, இது என் முடி. காலேஜ்ல கரடின்னு கூப்பிட்டானுவ. அன்னையிலேருந்து வளரவே விடல. எல்லாரும் ஒன்னையப் பத்திக் கேக்கும்போதாவது நான் வாயத் தொறந்திருக்கணும்லா."

நான் அழுவதை நிறுத்திவிட்டு உங்கள் தலையையே பார்த்தேன்.

"இனிமே வெட்ட மாட்டேன். ரெண்டு பேரும் வளப்போம்."

"ஆபீஸ்ல சிரிக்கப் போறாங்க" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். மார்க்கெட் சலூன்காரர் நம்மைப் பார்க்கும்போதெல்லாம், "பாபுஜி, கட்டிங்?" என்பார். "நஹி பையா" என்று மறுத்துவிட்டு நடையை வேகமாக்குவீர்கள். உங்களுக்குக் கூச்சம் என்பது எனக்குத் தெரியும். கூச்சத்தோடேயே எனக்காக வளர்த்தீர்கள். ஞாயிறுகளில் பால்கனி வெயிலில் ஈரத்தலையோடு உட்காருவோம். காய்ந்தபின் சீவினால் பரட்டையாகிறது, ஈரத்தில் விரலால் கோதினால் சுருள் அழகாக நிற்கிறது என்பதை இருவரும் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "ஏட்டி, எனக்குச் சரியா இருக்கா?" என்று என்னிடம்தான் கேட்பீர்கள்.

விழாவன்று டீச்சர் என் தலையை ஹேர்பின் குத்தி அமுக்கி, கடைசி வரிசையில் நிறுத்தினார். திரையோரமாக எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் புஸ்ஸென்று உங்கள் தலை. பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்றார் போல. நீங்கள் சிரித்துக்கொண்டே சற்றுச் சரிந்து உட்கார்ந்தீர்கள். கையால் முடியை அமுக்கிக்கொள்ளவில்லை. நான் ஹேர்பின்களைப் பிடுங்கிப் போட்டேன். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். அப்படியே ஆடினேன். டீச்சர் திட்டியது இப்போது நினைவில்லை. ஆட்டோவில் வரும்போது நீங்கள் சொன்னது இருக்கிறது: "கடைசில நின்னாலும் நீதாம்ட்டி தெரிஞ்ச."

அதன்பின் நீங்கள் ஒட்ட வெட்டியதே இல்லை. நரைத்தபோதும் சுருள் சுருளாகவே நரைத்தது. தலையில் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நர்ஸ் வந்து மழித்தபோது கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். முடிந்ததும் கேட்டீர்கள்: "திரும்ப வளரும்லா, சிஸ்டர்?"

"வளரும் சார், இதே மாதிரி" என்றார் அவர்.

அதற்கு நாள் கிடைக்கவில்லை. எனக்கு வளர்கிறது அப்பா. இடுப்பைத் தொடப் போகிறது.