மேஸ்திரி துரத்திய பெண்

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். கோழிகள் ஆறும் நலம். சேவல் அளவுக்கு மீறிய நலம். உங்கள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொல்லும் இரண்டு "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது? சைட் ஆபீஸ் போனுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள் என்கிறீர்கள். கடிதத்துக்கு வரிசை கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன். உங்கள் சைட்டில் ஒருவர் எந்த வேலையிலும் கை வைக்காமல் நாள் முழுக்கச் சத்தம் போட்டபடி நடப்பார் என்பீர்களே, அதே நடை. ஆனாலும் குறை சொல்லக் கூடாது. புழு கிடைத்தால் தான் தின்னாமல் "கொக் கொக்" என்று கூப்பிட்டுக் கோழிகளுக்குக் காட்டுகிறது. பருந்து நிழல் விழுந்தால் நீளமாக ஒரே ஒரு சத்தம். அடுத்த நொடி ஆறும் பூசணிக்கொடிக்கு அடியில். சில சமயம் அலகில் ஒன்றுமே இல்லாமலும் கூப்பிடுகிறது. கோழிகள் ஓடி வந்து தரையைப் பார்க்கும். பிறகு அதன் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தினம் இரண்டு முட்டை எடுத்துக்கொண்டிருந்த கூட்டில் பத்து நாளாக ஒன்று கிடைத்தால் பெரிது. தீனி மாற்றவில்லை, நோயும் இல்லை. கதவு உடையவில்லை, பூனை வந்த தடமும் இல்லை. வீட்டில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. நீங்கள் அனுப்பிவைத்த பெண் பின்னறைக்குக் குடி வந்து மூன்று வாரம் ஆகிறது.

மேஸ்திரி அவளைக் கண்டால் விடுவதில்லை. என்னை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா உள்ளே வந்தால்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இவள் காலையில் மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பினால் போதும், ஒரு இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து, முதுகு திரும்பியதும் பாய்கிறது. அக்கா சொல்கிறார்: "வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்டி, யாரு எப்படின்னு. நமக்குத்தான் லேட்டா புரியும்."

அவளை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் கேட்கிறேன். "தெரிஞ்சவங்க பொண்ணு, ஒண்ணும் கேக்காத" என்கிறீர்கள். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன்னால் அவள் சாப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். இதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தால், கவனித்தேன்.

பதில் எழுதுங்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிரேனில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
கேள்வி கேட்கக் கூடாத உங்கள் மனைவி


புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

என் கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை. "காத்து பலமா இருக்கு, எல்லாரும் மேல வேலையில இருக்காங்க" என்று யாரோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காற்று பலமாக இருந்தால் கிரேனை நிறுத்துவார்கள் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

சாம்பல் கோழி காணாமல் போய்விட்டது. நான்கு நாளாகக் கூட்டுக்கு வரவில்லை. ஒரு இறகு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நாயோ பூனையோ பிடித்திருந்தால் மேஸ்திரி ஊரைக் கூட்டியிருக்கும். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் கோழியைத் தூக்கியது கூச்சல் போடத் தேவையில்லாத, உள்ளே இருக்கும் கை.

அவள் வேலைக்குப் போனபின் பின்னறையைத் திறந்து பார்த்தேன். என் வீட்டு அறை, என்னிடம் சாவி இருக்கிறது. இருந்தாலும் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தேன். முட்டை இல்லை, இறகும் இல்லை. தலையணைக்கு அடியில் வேறொன்று இருந்தது. அது என்ன என்று எழுத மாட்டேன். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து நான் திரும்பும்போது அவள் படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி காலின் பின்முள்ளால் நன்றாகவே கிழித்திருந்தது. நான் மருந்துக் கடைக்காரி. நான்தான் முதலில் பஞ்சை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டாள். "முட்டை எங்க போச்சுன்னு உனக்கே தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

அவங்க. பேர் இல்லை, சார் இல்லை, மாமா இல்லை. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் பேர் சொல்லாமல் "அவங்க" என்று உங்களைச் சொல்கிற ஒரே ஆள் நான்தான். பெட்டியை நானே தூக்கி வாசலில் வைத்தேன். அவள் நொண்டிக்கொண்டே போனாள். மேஸ்திரி சுவர் மேல் ஏறிக் கூவியது.

இரண்டு வருஷமாக நீங்கள் ஒரு நாள் லீவு போட்டதில்லை. சைட்டை மூடினால் வருகிறீர்கள், திறந்தால் போகிறீர்கள். மற்றவர்களெல்லாம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்களாம். நீங்கள் மட்டும் ஏன் வருவதில்லை என்று இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


சனிக்கிழமை காலை

என்னங்க,

இதை உட்கார்ந்து படியுங்கள். மேலே ஏறுவதற்கு முன்னால் படிக்காதீர்கள், இறங்கிய பிறகு படியுங்கள்.

சாம்பல் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ பந்து மாதிரி உப்பிக்கொண்டு ஓடி வந்தது. அவசர அவசரமாகத் தீனியைக் கொத்தியது, தண்ணீர் குடித்தது. மேஸ்திரி மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு அதன் கூடவே, கல்யாண வீட்டுக்கு விருந்தாளியைக் கூட்டிப் போகிற மாதிரி நடந்தது. நானும் பின்னால் போனேன். பின்னறைக்குப் போகும் சந்தில், பழைய கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோமே, அதற்குப் பின்னால் சாம்பல் நுழைந்தது. எட்டிப் பார்த்தால் பதினேழு முட்டை. எல்லாக் கோழிகளும் அங்கேதான் இட்டிருக்கின்றன. சாம்பல் அதன்மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "முட்டையிட இடம் பாத்துக் குடுக்குறதே சேவல்தாம்மா. மூலையில போய்க் குந்திக்கிட்டு முனகிக் கூப்பிடும். கோழிக்குப் புடிச்சா உள்ள போகும். அந்தப் பக்கம் போற வர்றவங்களை அது சும்மா விடுமா? அதுலயும் ஓடினா தொலைஞ்சது, துரத்தும்" என்றார். அவள் தினமும் பஸ்ஸுக்குப் பையை ஆட்டிக்கொண்டு அந்தச் சந்து வழியாகத்தான் ஓடுவாள். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. "அப்ப அதுக்கு நல்லவங்க கெட்டவங்க தெரியாதா?" என்று கேட்டேன். "நமக்கே தெரியலையேம்மா" என்றுவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

முட்டைத் திருட்டு இல்லையென்று ஆகிவிட்டது. தலையணைக்கு அடியில் பார்த்தது மட்டும் அப்படியே இருந்தது. உங்கள் போட்டோ. நீங்களும் இன்னொருவரும் கிரேனுக்குக் கீழே தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அன்று எனக்கு உங்கள் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த இன்னொருவரை நான் பார்க்கவே இல்லை.

நேற்றுக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவள் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் அவளே கட்டிய கோணல் கட்டு. நான் மருந்து கொண்டுபோயிருந்தேன். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கட்டைப் பிரித்தேன். மன்னிப்புக் கேட்டேன். போட்டோவைப் பார்த்ததையும் சொன்னேன். "அவங்க பக்கத்துல நிக்கிறது எங்க அப்பாக்கா" என்றாள். நான் நிமிராமலேயே அவள் காலில் மருந்தைத் தடவினேன்.

பிறகு அவளாகச் சொன்னாள். "அன்னைக்கு அவங்க டூட்டி. வீட்ல காய்ச்சல்னு போன் வந்துச்சாம், எப்படிப் போறதுன்னு நின்னாங்களாம். அப்பாதான், நீ கிளம்பு, நான் ஏறிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்குக் காலையில நானே அப்பாகிட்ட போன்ல பேசினேன், சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. மத்தியானம் காத்து வந்துச்சு. அப்பா உயிரோட இறங்கி வரலக்கா."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மழை எனக்கு நினைவிருக்கிறது. காய்ச்சல் எனக்கு. தையல்கார அக்காதான் போன் போட்டார். நனைந்துகொண்டே வந்தீர்கள். என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். மூன்றாம் நாள் சைட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் ஏதோ சொன்னார். அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போன மனிதர் திரும்பி வரவே இல்லை. வந்தது இந்த "ம்" மட்டும்தான். நான் என்னென்னவோ நினைத்தேன். அங்கே ஒரு வீடு, அதில் ஒரு பெண் என்று அவள் புடவை நிறம்வரை நினைத்துப் பார்த்தேன். இதை மட்டும் நினைக்கவில்லை.

உங்கள்மேல் கோபமா என்று அவளைக் கேட்டேன். "மொதல்ல இருந்துச்சுக்கா. இப்ப இல்ல. ஆனா அதைச் சொல்ல விட மாட்டேங்குறாங்க. அப்பா பேச்சை எடுத்தாலே போனை வெச்சுடுறாங்க" என்றாள். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லையாம். அதனால்தான் "அவங்க".

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியை நானே தூக்கினேன். மேஸ்திரி எதிரே வந்தது. ஓடாதே, உதைக்காதே, நின்ற இடத்தில் நில் என்று கம்பவுண்டர் சொன்னபடி நிற்கவைத்தேன். பிறகு அதைப் பிடித்து அவள் கக்கத்தில் கொடுத்தேன். அது திமிறியது. அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்கே திருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். பழக வேண்டும்.

நீங்கள் எனக்குச் சொல்லாதது ஏன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். சொன்னால் என் காய்ச்சலால்தான் என்று நான் உருகிப்போவேன் என்று நினைத்தீர்கள், இல்லையா? சரிதான், உருகித்தான் போனேன். ஆனால் ஒருத்தி உருகினால் இன்னொருவர் பிடித்துக்கொள்ளத்தானே வீட்டில் இரண்டு பேர்? இரண்டு வருஷமாக நீங்கள் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தது உங்களுடையது மட்டும் இல்லை. காய்ச்சல் என்னுடையது. பாதியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

லீவு போடுங்கள். உங்கள் இடத்தில் இன்னொருவரை ஏறச் சொல்ல உங்களுக்கு வாய் வராது, தெரியும். யாரையும் ஏற்ற வேண்டாம். ஒரு நாள் அந்தக் கிரேன் சும்மா நிற்கட்டும். சைட் ஆபீஸ் பெரியவரிடம் நானே போன் போட்டுச் சொல்கிறேன். காரணம் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்பேன். பொய்யில்லையே.

நல்லபடியாக இறங்கி வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

உங்கள் மனைவி