குளிர் வீட்டில் வெக்கை

என் அம்மா,

இல்லை, அப்பாவுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. இருமல் கொஞ்சம் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நீங்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

குளிர்தான் பிரச்சினையாக இருந்தது. வெளியே இருந்த குளிர் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. நான் வந்தபோது அப்பா சோபாவில் இருந்தார். தொழிற்சாலையில் கொடுத்த தடித்த ஜாக்கெட், தொப்பி, கையுறை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கையுறையோடு சனல் மாற்ற முடியாமல், பிடிக்காத ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொயிலர் நின்றுவிட்டது அம்மா.

உடுப்புத் தோய்க்கும் அறையின் சுவரில் தொங்குகிறதே, காஸில் தண்ணீரைச் சூடாக்கி வீட்டுக்கு அனுப்பும் அந்த வெள்ளைப் பெட்டி. எரியத் தொடங்கும். சற்று நேரத்தில் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும். அப்பா பொத்தானை அழுத்துவார். எரியும். நிற்கும். மாரிக் குளிர் தொடங்கியதிலிருந்து இப்படித்தானாம். எனக்கும் சொல்லவில்லை, அண்ணாவுக்கும் சொல்லவில்லை.

நீங்கள் வசந்தத்தில் போனீர்கள். இலையுதிர் காலத்தில் அப்பா நிமோனியாவோடு விபோர்க் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இது உங்களுக்குப் புதுச் செய்தி. வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

போன கிழமை அண்ணா, தான் குடும்பத்தோடு இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து வந்து பார்த்திருக்கிறான். குசினிக்குள் கதைக்கும்போது குளிரில் அப்பாவின் மூச்சு புகையாக வந்ததாம். திரும்பிப் போகும் வழியில் எனக்குப் போன் எடுத்தான்.

"இன்னொருக்கா நிமோனியா வந்தா ஆள் தப்பாது. பொயிலரும் முடிஞ்சுது, வீடும் முடிஞ்சுது. வித்துப்போட்டு எங்களோட வந்து இருக்கட்டும். சனிக்கிழமை வான் கொண்டு வாறன். நீ முதலே போய்ப் பெட்டி அடுக்கு."

பிறகு டேனிஷுக்கு மாறிவிட்டான். அழுகை வந்தால் அவன் டேனிஷுக்குப் போய்விடுவது உங்களுக்குத் தெரியும்.

நான் ஓம் என்றேன். அவன் சொன்னதில் என்ன பிழை?

வியாழக்கிழமை, நான் இருக்கும் ஓகூஸிலிருந்து பஸ் ஏறினேன். வெறும் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு. அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை அண்ணா வாறான் அப்பா."

"வரட்டன். சோறு கிடக்கு."

"சாப்பிட இல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போக."

"டோஸ்ட்ருப்பில நான் என்ன செய்யிறது? உவன்ர பிள்ளையளோட டேனிஷில சண்டை பிடிக்கிறதோ? அதுகள்தான் வெல்லுங்கள்."

பகிடிதான். ஆனால் முகத்தில் பகிடி இல்லை. இந்த வீட்டை விட்டுப் போனால் அவர் என்ன ஆவார்? இங்கேயே இருந்தாலும் என்ன ஆவார்? ஜாக்கெட்டைக் கழற்றாமல் அடுக்கத் தொடங்கினேன். சறம், பெனியன், பூசைக்குப் போடும் சேட். விரல்கள் மடங்க மறுத்தன. பாதியில் எழுந்து பொயிலரிடம் போனேன்.

பொயிலர் பார்க்கும் கம்பனிக்கு அழைத்தேன். ஒரு பெண். குரலில் அவசரம் இல்லை. காஸ் மணக்கிறதா என்று முதலில் கேட்டார். இல்லை. தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் பச்சைக்குள் நிற்கிறதா? நிற்கிறது. ஆள் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். மூடியைக் கழற்ற வேண்டாம், பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, நிற்கும்போது அது என்ன சொல்கிறது என்று பாருங்கள் என்றார்.

அழுத்தினேன். சிறிய கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுவாலை. திரையில் இலக்கங்கள் ஏறின. மிக வேகமாக ஏறின. பிறகு ஒரு தட்டல் சத்தம். சுவாலை இல்லை. சிவப்பு விளக்கு. ஓர் எழுத்து, ஓர் இலக்கம்.

மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கக் கூடாது. கையேட்டைத் தேடி எடுத்து அந்தக் குறியின் பொருளைப் பார்த்தேன். அளவுக்கு மீறிய சூடு.

திரும்பவும் வாசித்தேன். என் மூச்சு என் கண் முன்னால் புகையாகப் போகிறது. பொயிலரோ வெக்கை தாங்க முடியாமல் நிற்கிறேன் என்கிறது.

கீழே இரண்டு குழாய்கள். சூடான தண்ணீரை அறைகளின் ஹீற்றர்களுக்குக் கொண்டுபோவது ஒன்று, ஆறின தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவருவது ஒன்று. முதலாவதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டாவது சில்லென்றிருந்தது. சூடு எங்கேயும் போகவில்லை. போக வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே நின்று கொதிக்கிறது.

வாசலுக்குள் நுழைந்ததும் உள்ள நடைபாதையில், சுவரோடு பொருத்திய ஹீற்றரைப் பார்த்தேன். திருகும் குமிழ் பூச்சியத்தில். குசினி, பூச்சியம். முன்னறை, அப்பாவின் முதுகுக்குப் பின்னால், பூச்சியம். என் பழைய அறை. அண்ணாவின் அறை. எல்லாம் இறுகப் பூட்டியிருந்தன.

"அப்பா, ஆர் இதெல்லாம் பூட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கொம்மாவுக்கு வெக்கை ஆகாதெல்லோ."

அவர் பக்கத்தில் இருந்தேன். 

மாதவிடாய் நின்று உங்கள் உடம்பு மாறிய வருடங்களில் தொடங்கிய வெக்கை, பிறகு போகவேயில்லை. முதியோர் இல்லத்து வேலை முடிந்து, முகம் சிவக்க வருவீர்கள். சப்பாத்தைக் கழற்றுமுன் நடைபாதைக் குமிழைத் திருகுவீர்கள். பிறகு குசினி. பிறகு முன்னறை. அப்பா பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகத் திறப்பார்.

"இஞ்சாருங்கோ, மனிசர் அவியிறதோ?"

"மனிசர் விறைக்கிறதோ?"

"விறைச்சா சேட்டுக்கு மேல சேட்டைப் போடலாம். அவிஞ்சா நான் தோலையே கழட்டிறது?"

இந்தச் சத்தத்துக்குள்தான் நாங்கள் வீட்டுப்பாடம் செய்தோம். அண்ணா கதவைச் சாத்திக்கொள்வான். எனக்கு அது மழைச் சத்தம் மாதிரி. நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பேன்.

நீங்கள் பூட்டினீர்கள், அவர் திறந்தார். எந்த நேரத்திலும் வீட்டில் எங்கோ ஒன்றிரண்டு திறந்திருந்தன. தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் இருவரின் சண்டையில்தான் இந்தப் பொயிலர் இத்தனை காலம் ஓடியிருக்கிறது அம்மா. நீங்கள் போனதும் அப்பா கட்சி மாறிவிட்டார். இனி எதிர்த்து நிற்க ஆளில்லை என்று, உங்கள் வேலையையும் அவரே செய்யத் தொடங்கிவிட்டார்.

அவருக்கு விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் பூட்டினால் சூடான தண்ணீருக்குப் போக இடமில்லை, அது பொயிலருக்குள்ளேயே தேங்கிச் சூடேறும், பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

"அப்ப அது பழுதில்லையோ?"

"இல்லை எண்டுதான் நினைக்கிறன். திங்கட்கிழமை வந்து பாக்கட்டும்."

கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் நினைச்சன், அதுவும் என்னை மாதிரித்தான் ஆகிப்போச்சு எண்டு. அதாலதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா ரெண்டு பேரையும் சேத்துக் கழட்டிக்கொண்டு போயிடுவியள்."

முன்னறைக் குமிழை அவரே திறந்தார். குசினியை நான். நடைபாதையை அவர். அண்ணாவின் அறை ஹீற்றருக்குள் காற்று அடைத்துக் களகளத்தது. பக்கத்துச் சிறு துவாரத்தை எப்படித் திறந்து காற்றை வெளியேற்றுவது என்று காட்டினார். கறுப்புத் தண்ணீர் பீறிட்டு என் சட்டையில் பட்டது. "விலகி நில்லு எண்டு சொல்ல மறந்துபோனன்," என்றார், மறக்காதவரின் முகத்தோடு.

உங்கள் அறை வாசலில் நின்றுவிட்டார்.

கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கத்துச் சுவரில் இருப்பது. அவர் திறக்க முடியாமல் போன ஒரே ஹீற்றர். நீங்கள் உறங்கிவிட்டீர்கள் என்று நினைத்துத் தொடுவார். உறங்கியிருக்க மாட்டீர்கள்.

"அதை விடு," என்றார்.

விட்டேன். மற்றவை போதும்.

பொத்தானை அழுத்தினேன். நீலச் சுவாலை. இலக்கங்கள் ஏறின, இந்தத் தடவை மெதுவாக. ஓரிடத்தில் நின்றன. சுவாலை அணையவில்லை. திரும்பி வரும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இளஞ்சூடு. பிறகு சரியான சூடு. அப்பா எனக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார். ஒரு குழாய், இரண்டு கை. 

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவினார். வீடு சூடாகிவிட்டது. நான் குசினியில் கறி வைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்த்தது. உண்மையிலேயே அவிந்தது அம்மா, வேண்டுமென்று செய்யவில்லை. கையில் அகப்பையோடு போய்க் குமிழைத் திருகினேன்.

அவர் எங்கிருந்து கேட்டாரோ தெரியாது. அந்தச் சின்னக் கிறீச் சத்தம் அவருடைய காதில் மட்டும் எப்படி விழுகிறது? எழும்பி வந்தார். ஹீற்றரில் கையை வைத்தார்.

"ஆர் பூட்டினது?"

"நான். வெக்கையா கிடக்கு."

"ஆருக்கு வெக்கை? விசரே உனக்கு? வெளியில பனி கொட்டுது, இவவுக்கு வெக்கையாம். தாயும் மகளும் சேந்து மனிசனை விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் ஓய்வியள்."

குமிழைத் திறந்தார். கடைசி இலக்கம் வரைக்கும். திட்டிக்கொண்டே முன்னறைக்குப் போனார். அங்கேயிருந்தும் திட்டினார். உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் இவ்வளவு பலமாகக் கதைத்ததில்லை. நான் சட்டிக்கு மேல் குனிந்து நின்றேன். ஆவி முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் எங்கள் வீதியைக் கிண்டி, ஊருக்குப் பொதுவான சுடுநீர்க் குழாய் போடுவார்களாம். பொயிலரைக் கழற்றிவிடுவார்கள். "அதுவரைக்கும் இதோட இருப்பம்," என்கிறார் அப்பா. அதற்குப் பிறகு? தெரியாது. அவருடைய நெஞ்சு அடுத்த மாரியைத் தாங்குமா என்றும் தெரியாது. அண்ணாவின் பயம் பொய்யில்லை. அவனுடைய பயத்தையும் நான் தூக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவேன். வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் நடைபாதைக் குமிழைப் பூட்டுவேன். அவர் எழும்பி வந்து திறக்கட்டும். உங்களளவுக்கு எனக்கு வாய் இல்லை. பழகிக்கொள்வேன்.

பெட்டியிலிருந்த சறங்களையும் சேட்டுகளையும் எடுத்து அலுமாரியில் திரும்ப வைத்தேன். பிறகு அண்ணாவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வான் வேண்டாம், பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வா என்றேன்.

உங்கள் பக்கத்தில் நிற்கும்
உங்கள் இளைய மகள்