கடைக்குப் பின்னாலுள்ள கான்

ஸ்காபரோ
22 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாங்கம் அறிவது,

நீரும் புஸ்பராணியும் நலமென நம்புகிறேன். பதினைந்து நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பீர். தொலைபேசியில் சொன்னால் நான் சொன்னது ஒன்று, நீர் கேட்டது வேறொன்று என்றாகிவிடும்.

சனிக்கிழமைகளில் ஆற்றுப் பாதுகாப்புக் குழுவுக்காக நான் ஹைலண்ட் கிறீக் ஓடையில் நீர் மாதிரி எடுப்பது உமக்குத் தெரியும். நேற்று முன்தினம், டோர்செட் பார்க்கில் மழைநீர்க் குழாய் ஓடையில் விழும் வாயில் எண்ணெய்ப் படலமும் மஞ்சள் நுரையும் கண்டேன். மூன்று சிறு மீன்கள் செத்து மிதந்தன. எதனால் செத்தன என்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் நுரையை முகர்ந்து பார்த்தேன். ஆய்வுகூடம் அதைக் கொழுப்பு என்று மட்டும் எழுதும். எனக்கோ அது வறுத்த மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, உமது கடையில் ரோல்ஸ் பொரிக்கும் சட்டி. மூக்கு சாட்சியம் ஆகாது. ஆகவே கடையின் பின்புறம் சென்று பார்த்தேன். மழைநீர் வடியும் கானின் இரும்புக் கிராதியில் அதே எண்ணெய்.

அந்தக் கான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஓடைக்கும், அங்கிருந்து நாம் குடிக்கும் ஏரிக்கும் போகிறது. தயவுசெய்து இன்றே நிறுத்தும். கண்டதை எழுதி நிரப்பும் என் படிவம் மே பத்தாம் திகதிக்கு முன் குழுவிடம் சேர வேண்டும். அவர்கள் நகரசபைக்கு அனுப்புவார்கள். கண்டதை எழுதாமல் விட என்னால் முடியாது.

மாறாத அன்புடன்,
இரத்தினவேல்

26 ஏப்ரல்

மச்சான் வேல்,

பதிவுத் தபாலில அனுப்பியிருக்கிறாய்! அரசாங்கம்தான் கடையப் பூட்டச் சொல்லி எழுதியிருக்கு என்டு புஸ்பராணி கதிரையில இருந்திட்டா.

கேள். அந்தக் கான நாங்களா கண்டுபிடிச்சம்? 2016இல கடை எடுக்கக்க குத்தகை பார்த்த லோயர் யாரு? கவுண்டரில நிண்டு ரோல்ஸ் திண்டுகொண்டு, உன்ட பேர் அடிச்ச தாளில கையால எழுதித் தந்தாய்: "பின்புற வடிகால் கழிவுநீர்க் குழாயுடன் இணைந்தது, சமையலறைக் கழுவுநீரை அதில் விடலாம்." எட்டு வருசமா பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில, சாமிப் படத்துக்குக் கீழ ஒட்டியிருக்கு. புதுசா வேலைக்கு வாற எல்லாருக்கும் அதத்தான் காட்டுறது.

இன்டையோட நிப்பாட்டிட்டம். கிராதிக்கு மேல பெரிய கிடாரத்தக் கவிட்டு வச்சிருக்கம். அது போதாதா? ஜூனில குத்தகை முடியுது. எங்களக் கிளப்பக் கட்டடக்காரன் சாட்டுத் தேடிக்கொண்டு நிக்கிறான். படிவத்தக் கிழிச்சுப் போடு மச்சான். ஆறு தன்னால தெளியும்.

மாமாங்கம்

1 மே

அன்புள்ள மாமாங்கம்,

உமது கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். நம்ப மனமில்லாமல் பழைய கோப்பை எடுத்தேன். கட்டட வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. மழைநீருக்குரியதைக் கழிவுநீருக்குரியதென வாசித்திருக்கிறேன். பத்து அடி நடந்து பின்கதவைத் திறந்திருந்தால், ஆற்றுக்குப் போகும் கான் என்று காட்டக் கிராதியில் வார்த்திருக்கும் மீன் உருவத்தைக் கண்டிருப்பேன். ரோல்ஸ் சூடாக இருந்தது, நடக்கவில்லை.

எதிலும் மனம் தரிக்கவில்லை. இந்த வாரம் மூன்று தடவை அந்தக் குழாயடிக்குப் போய்த் திரும்பினேன். கட்சிக்காரர் முன்னால் இருந்து பேசும்போதும் அந்த நுரையின் வாசம் வருகிறது.

தன் தவறைச் சட்டத்தரணி எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது, முதலில் தன் தொழில் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இருந்தும் எழுதுகிறேன்: தவறு என்னுடையது.

படிவத்தைக் கிழிக்க மாட்டேன். எட்டு ஆண்டு எண்ணெய் அந்தக் குழாய்க்குள் படிந்திருக்கிறது. நகரசபை கழுவாமல் ஓடை தெளியாது. என் கடிதத்தின் பிரதி என்னிடம் இல்லை. சுவரில் இருப்பதைப் பத்திரப்படுத்தும். உமக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். வேறொரு சட்டத்தரணியையும் பாரும்.

இரத்தினவேல்

6 மே

மச்சான்,

உறைக்குள்ள இருக்கிறது சுவரில இருந்த உன்ட கடிதம். கிழியாம உரிக்கப் புஸ்பராணிக்கு அரை மணித்தியாலம் போச்சு. நான் பிரதி எடுக்கல்ல. இது இல்லாட்டி, நீ சொன்னதென்டு ஒருத்தருக்கும் காட்டேலாது. படிவத்தில எங்கட பேர மட்டும் எழுது.

கடை போனா எங்களுக்கு வேற கடை. உன்ட பேர் போனா இந்த வயசில நீ என்னத்தச் செய்வாய்? உனக்கு ரோல்ஸ் பொரிக்கவும் தெரியாது.

மாமாங்கம்

8 மே

அன்புள்ள மாமாங்கம்,

படிவம் இன்று போயிற்று. அதனுடன் உமது சுவரிலிருந்த என் கடிதத்தின் பிரதியும் போயிற்று. "மூலத்துடன் ஒப்பிட்டேன், சரியான பிரதி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எத்தனையோ பேருக்குக் குத்திய முத்திரை; இன்று சரிந்து விழுந்தது. காப்புறுதிக்கும் அறிவித்துவிட்டேன். எனக்கு என்ன வரும், உமது குத்தகைக்கு என்ன வரும் என்று தெரியாது. தெரியும் என்று இனி எதையும் பார்க்காமல் எழுத மாட்டேன்.

மூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பழைய இடத்திலேயே ஒட்டும். பிரதி எடுத்த பின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதையும் வாசிக்கட்டும்: "இது பிழை. இந்தக் கான் ஆற்றுக்குப் போகிறது."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாயடியில் நிற்பேன். ஒருவர் போத்தலைப் பிடிக்க, மற்றவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். என்னுடன் வந்தவர் ஒஷாவாவுக்குக் குடிபோய்விட்டார். நீர் வராவிட்டால் தவறாக எண்ண மாட்டேன். வந்தால் முழங்கால் வரை நீண்ட றப்பர் சப்பாத்துப் போட்டு வாரும். கரை வழுக்கும்.

இரத்தினவேல்