பல்லால் கடித்த நூல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கப்பலில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் மகள் சுண்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போனில் நீ கிடைக்கவில்லை, அதனால் நாளை கப்பலேறும் உங்கள் சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து படி. போன வாரம் வெறும் மூக்கொழுகல்தான். மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை, மூச்சிழுக்கும்போது விலாவுக்கு நடுவே சதை உள்ளே போனது, உதடு நீலம் பாரித்தது. மருமகள் செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெரியவர்களுக்குச் சளியாக வந்து போகும் கிருமிதானாம், இரண்டு மாதக் குழந்தைக்கு நுரையீரலின் சின்னக் குழாய்களை அடைத்துவிடுமாம். அதைக் கொல்ல மருந்து இல்லை, அவளே தாங்கிக் கடக்கும்வரை மூச்சுக்குக் கைகொடுக்கிறோம் என்கிறார் டாக்டரம்மா. மூக்கில் ஆக்சிஜன், இன்னொரு குழாயில் பால். நடுநடுவே மூச்சுவிடவே மறந்துபோகிறாள், மெஷின் கத்துகிறது, நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுகிறாள். இன்னும் சோர்ந்தால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

ஒன்றை உன்னிடம் மறைக்க முடியவில்லை. அவளுக்குத் தைத்த முதல் சட்டையைப் போட்டு அளவு பார்க்க அவசரப்பட்டேன், நாற்பது வருஷ டெய்லராயிற்றே, முந்திரிக்கொட்டை. கழுத்தோரம் ஒரு நூல் தொங்கியது. குழந்தை பக்கத்தில் கத்தரி ஆகாதென்று, கடையில் செய்வதுபோலக் குனிந்து பல்லால் கடித்தேன். அப்போது எனக்குச் சளி. சளிதானே என்று இருந்துவிட்டேன். வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா என்று டாக்டரம்மா கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். மருமகளோ, நான்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன், என்னாலதான் என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறாள். இந்தக் குளிருல எதுக்கு ஊத்துன என்று உன் அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒயர் ஒட்டுவதற்காக அந்தச் சட்டையை வெட்டிக் கழற்றி நர்ஸ் என் கையிலேயே கொடுத்தாள். பாவி நான், அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உறையை ஒட்டியதும் ஆஸ்பத்திரி மாடியேறிப் போய் மருமகளிடம் சொல்லிவிடுவேன். நீ அவளை ஒன்றும் கேட்காதே, திட்டுவதானால் என்னைத் திட்டு. கேப்டன் காலில் விழுந்தாவது இறங்கி வா. வரும்போது இருமல் இருந்தால் வாசலிலேயே நில், மறந்துவிடாதே. உனக்கு என் ஆசீர்வாதம். சுண்டுவைத் தொட்டு ஆசீர்வதிக்கப் பயமாக இருக்கிறது, வார்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் தூக்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா