குதிரையைத் திருப்பிக் கொடுத்தவர்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்கால் வலியும் என் வயிற்றெரிச்சலும் தவிர இங்கே எல்லாரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நலமாக இருக்க வேண்டும், உன் மாமனார் மட்டும் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு அம்மா, "சம்பந்தியப் போய் இப்படி எழுதுவாங்களா, வெட்கமா இல்ல?" என்கிறாள். எனக்கு இல்லை.

போன வாரம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தால் தேய்ந்துபோன ஒரு கப்பிதான் காரணம், புதுசு வரும்வரை மொட்டைமாடி மோட்டார் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அப்போது போனில் செஸ் ஆப்பைத் திறந்து நீ ஆடிய ஆட்டங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். என்னிடம் "நேரமே இல்லப்பா" என்கிறவள், வேலை முடிந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, வீட்டு சோபாவில் இருக்கும் மாமனாரோடு மூன்று நிமிட ஆட்டமாக வரிசையாக ஆடித் தள்ளியிருக்கிறாய். சரி, ஆடு. ஆனால் ஆடியது நம்முடைய ஆட்டம். நாலாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாய்க்காகக் குதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சச் சிப்பாய்களை ஏவி எதிராளியை விரட்டுகிற அந்தக் கோணங்கி வேலை. விவரம் தெரிந்தவன் செய்ய மாட்டான், நிதானமாக யோசித்தால் எதிராளி பிழைத்துக்கொள்வான், மூன்று நிமிடத்தில் எவன் யோசிக்கப்போகிறான் என்று நீயும் நானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சிரித்த வேலை. "வீட்ட வித்து விருந்து" என்று உன் அம்மா அதற்குப் பேர்கூட வைத்தாள். அதைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டாய். அவரும் வாங்கிய குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் தோற்கிறார், தோற்றுவிட்டு நீ வீடு சேருவதற்குள் டீ போட்டு வைக்கிறார் என்று நீயே போனில் பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அதே ஆப்பில் வேறு ஒரு பெயரில் உள்ளே புகுந்து சம்பந்தியை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். நம் வேலையை அவரிடமே காட்டி மூக்கை உடைக்கலாம் என்று குதிரையைக் கொடுத்தேன். மனிதர் வாங்கிக்கொண்டார், கொஞ்சமும் தயங்காமல் பதிலுக்குத் தன் குதிரை ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்ற காய்களைச் சாவகாசமாக வெளியே எடுத்தார். இந்த ஆட்டத்துக்கு மருந்து அது ஒன்றுதான். மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் அதையே செய்து என்னைத் துடைத்துப் போட்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சின்னக்குட்டி. உன்னிடம் மட்டும்தான் தெரியாத மாதிரி இருக்கிறார். அந்த மருந்து எனக்கும் தெரியும், உனக்கு எதிராக ஒரு நாளும் போட்டதில்லை. உன்னிடம் அப்படித் தோற்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். இன்னொருத்தர் இருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். பஸ்ஸில் ஆடுகிற மும்முரத்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடாதே. சம்பந்தியிடம் நான் விசாரித்ததாகச் சொல், வேறு பெயரில் வந்தது நான்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு ஆட்டம் ஒதுக்கு. அவரைவிட நான் நன்றாகத் தோற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா